சோறு போடுகிறவர்

"இங்க ரெஜினாங்கறது யாரு?"

வாசலில் வந்து நின்ற இளைஞன் இப்படிக் கேட்டபோது ரெஜினா குழாயடியில் போர்வை பிழிந்துகொண்டிருந்தாள். ஒற்றைக் கையால் போர்வை பிழிவது ஒரு வித்தை. குழாயின் கழுத்தில் துணியை ஒரு சுற்றுச் சுற்றி, இரண்டு நுனியையும் சேர்த்துப் பிடித்து, இடக்கையால் முறுக்கிக்கொண்டே போக வேண்டும். பாதியில் விட்டால் மொத்தமும் அவிழ்ந்து தரையில் விழும். அவள் பாதியில் விட்டுவிட்டாள்.

"நான்தான்" என்று அவள் வாயைத் திறப்பதற்குள் கையில் கரண்டியோடு ஜெனிஃபர் வெளியே வந்துவிட்டாள். ஜெனிஃபர், ரெஜினாவின் தம்பி ஆபிரகாமின் மனைவி. இந்த வீட்டு வாசலுக்கு வருகிற கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்கிற உரிமை அவளுடையது.

"இன்னா வேணும்?"

"பேங்க்லேருந்து வர்றேன் மேடம். ரெஜினா மேடம் வீட்டுக் கடனுக்கு அப்ளை பண்ணியிருக்காங்க இல்லையா, அதுக்கு வெரிஃபிகேஷன்."

கரண்டி அந்தரத்தில் நின்றது. "வூட்டு லோனா? யாரு, எங்க அண்ணியா?"

ரெஜினா இதை எதிர்பார்க்கவில்லை. வங்கியிலிருந்து ஆள் வருவதற்கு முன் போன் வரும், வந்தால் தெருமுனையிலேயே நின்று பேசி அனுப்பிவிடலாம் என்று நினைத்திருந்தாள். கடன் கிடைத்த பிறகு வீட்டில் சொல்லிக்கொள்ளலாம் என்பது அவள் எண்ணம். நல்ல சேதியோடு சேர்த்துச் சொன்னால் சண்டை கொஞ்சம் குறைவாக இருக்கும் அல்லவா. இப்போது சேதி வருவதற்கு முன்பே சண்டை வந்து வாசலில் நின்றது.

ஆபிரகாம் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். கடற்கரைச் சாலையில் ஒரு பெரிய ஓட்டலில் அறைகளைச் சுத்தம் செய்கிற ஆட்களுக்கு அவன் மேஸ்திரி. வெளியாட்களை உட்காரவைத்துப் பேசுவது அவனுக்குக் கைவந்த கலை. பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டான். வந்தவன் கழுத்தில் தொங்கிய அட்டையில் ஷ்ரவண் என்று இருந்தது. ஜெனிஃபர் சொம்பில் கொண்டுவந்த தண்ணீரை அவன் வாங்கிப் பக்கத்தில் வைத்துவிட்டு, தன் பையிலிருந்த பாட்டிலைத் திறந்து குடித்தான். காலனி வீடுகளில் இது புதிதல்ல. யாரும் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

விண்ணப்பித்தவள் ஈரக் கையோடு எதிரே நிற்கிறாள். ஷ்ரவண் கேள்விகளை ஆபிரகாமிடம் கேட்டான். வீட்டில் ஆண் இருந்தால் அவனிடம்தான் கேட்க வேண்டும் என்று எந்தப் படிவத்திலும் அச்சடித்திருக்காது. ஆனால் எல்லோருக்கும் அது மனப்பாடம்.

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும் சார்?"

"தம்பி சார். கூடப் பொறந்தவன்."

"இந்த வீடு?"

"எங்கப்பாவுக்கு கவுருமெண்டு குட்த்தது. இப்ப என் பேர்ல கீது."

"மேடத்துக்கு வருமானம்?"

ஆபிரகாம் தொண்டையைச் செருமினான். ஜெனிஃபர் முந்திக்கொண்டாள்.

"அவங்களுக்கு இன்னா சார் வருமானம்? கம்பெனில மிஷின்ல மாட்டிக் கை போச்சி. கல்யாணமும் ஆவல. ஏழு வருஷமா நாங்கதான் வெச்சி சோறு போட்டுக்கினு கீறோம்."

ஷ்ரவண் ஆபிரகாமைப் பார்த்தான். "அப்படியா சார்?"

"ஆமா சார். நான்தான் பாத்துக்கினு கீறேன். அக்காவாச்சே, வுட்ற முடியுமா?"

ஷ்ரவண் எழுதிக்கொண்டான்.

ரெஜினா அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மறைமலைநகர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் பிரஸ் மிஷின் அவளுடைய வலது மணிக்கட்டை நசுக்கிய பிறகு, மருத்துவக் குழு அவளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஆயுள் முழுக்க மாதா மாதம் பதின்மூவாயிரம் சொச்சம் ஊனப் பென்ஷன் என்று எழுதியது. அந்தப் பணம் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. இந்த வீட்டின் அரிசி, கேஸ், இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூடம், ஆபிரகாமின் வண்டித் தவணை எல்லாம் அதிலிருந்துதான் போகின்றன. ஓட்டலில் சீசன் இருந்தால் முழுச் சம்பளம், இல்லாவிட்டால் பாதி. அவளுடைய ஏ.டி.எம். கார்டு தம்பியின் சட்டைப் பையில் இருக்கிறது. சோறு போடுகிற கதை இவ்வளவுதான்.

ஆனால் வெளியாள் முன்னால், அதுவும் சொம்புத் தண்ணீரைத் தொடாத ஒருவன் முன்னால், கூடப் பிறந்தவனைப் பொய்யன் என்று எப்படிச் சொல்வது? அவள் சொல்லவில்லை. பாஸ்புக் நகலும் பென்ஷன் உத்தரவும் விண்ணப்பத்தோடு இருக்கின்றனவே, அவை பேசும் என்று நினைத்துக்கொண்டாள். அவிழ்ந்து விழுந்த போர்வையை எடுத்து மறுபடியும் அலசத் தொடங்கினாள்.

ஷ்ரவணின் வண்டிச் சத்தம் தேய்வதற்குள் ஜெனிஃபர் ஆரம்பித்துவிட்டாள்.

"ஏன் அண்ணி, இங்க இன்னா கொற வெச்சிட்டோம்? வேளா வேளைக்கு நாஸ்தா இல்லயா, சோறு இல்லயா? தனியாப் போயி உக்காந்துக்கினா நாளைக்கு ஊரு இன்னா பேசும்? தம்பி பொண்டாட்டி தொரத்திட்டான்னுதானே பேசும்?"

ஆபிரகாம் கத்தவில்லை. அவன் கத்துகிற ஆள் இல்லை. "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணலயாக்கா உனுக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போனான். அது கத்தலைவிட மோசமாக இருந்தது.

குறை என்னவென்று ரெஜினாவால் சொல்ல முடியவில்லை. சொன்னால் சிரிப்பார்கள். அவளுக்கு வேண்டியது உள்ளே தாழ் போட்டுக்கொள்ள ஒரு கதவு.

பிள்ளைகள் வளர்ந்ததும் அவளுடைய கட்டில் கூடத்திலிருந்து, கம்பி அடைத்த வராந்தாவான முன்பக்கக் கிரில்லுக்கு வந்துவிட்டது. தெருவில் போகிறவர்களுக்கு அவள் தூங்குவது தெரியும், எழுவது தெரியும். அரசாங்கம் கொடுத்த செயற்கைக் கையை அவள் போர்வைக்குள் வைத்துத்தான் கழற்றுவாள். அந்தக் கை அவளுடைய நிறத்தில் இல்லை. எந்தச் சீமாட்டிக்கு வார்த்ததோ, நல்ல சிவப்பு. ரெஜினாவுக்கு வராத வரன்கள் அந்தக் கைக்கு மட்டும் வரிசையில் நின்றிருப்பார்கள். நாள் முழுக்க மாட்டியிருந்தால் மொட்டைக் கையில் வேர்த்து, தடித்து, அரிக்கும். அதைக் கழற்றிவிட்டு, புடவைத் தலைப்பால் மூடாமல், யார் கண்ணிலும் படாமல், காற்றாட உட்கார வேண்டும். ஏழு வருஷத்தில் ஒரு நாள்கூட அப்படி உட்கார அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. ஜெனிஃபரின் வீட்டார் வந்தால் கிரில்லும் அவர்களுக்கு வேண்டியிருக்கும். அன்றைக்கு ரெஜினா மாமல்லபுரம் பேருந்து நிலையத்தில் போய் உட்கார்ந்திருப்பாள். வெள்ளைக்காரர்களும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் இறங்கி ஏறுவதைப் பார்த்துக்கொண்டு, யாரோ வரப்போகிறார்கள் என்பது போல முகத்தை வைத்துக்கொள்வாள். யாரும் வர மாட்டார்கள்.

திருப்போரூரில் கோயில் குளத்துக்கு இரண்டு தெரு தள்ளி அந்த வீடு விலைக்கு வந்தது. ஒரே அறை, ஒரு சமையல் மேடை, ஒரு குளியலறை. கோழிக்கூடு கொஞ்சம் பெரிதாக இருக்கலாம். ரெஜினா மூன்று முறை போய்ப் பார்த்தாள். மூன்றாம் முறை, வீட்டுக்காரர் போன் பேச வெளியே போனபோது, கதவைச் சாத்தித் தாழ் போட்டுப் பார்த்தாள். ஒரு நிமிஷம் இருக்கும். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் வங்கிப் படியேறினாள். விலையில் பாதிக்குக் கம்பெனி கணக்கு முடித்துக் கொடுத்த பணம் தபால் ஆபீசில் அவள் பேரில் இருந்தது. அதை மட்டும் அவள் யாரையும் தொட விட்டதில்லை. மீதிப் பாதிக்குக் கடன் வேண்டும். பென்ஷனில் தவணை கட்டினாலும் கஞ்சிக்கு மிஞ்சும்.

பத்து நாள் கழித்து வங்கி கூப்பிட்டது.

கடன் பிரிவில் ருக்மிணி என்று ஓர் அதிகாரி. ஐம்பது வயது இருக்கும். கோயில் தெருக்காரி. கெட்டவள் இல்லை. ரெஜினா வந்தால் உட்காரச் சொல்வாள், கையெழுத்துப் போடும்போது காகிதம் நகராமல் பிடித்துக்கொள்வாள். அன்றைக்கு அவள் கோப்பைப் பிரித்துவிட்டு ரெஜினாவின் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"ரிப்போர்ட் சரியா வரலைம்மா. 'விண்ணப்பதாரர் தம்பியின் ஆதரவில் வாழ்கிறார், சொந்த வருமானம் இல்லையென வீட்டார் கூறுகின்றனர்'னு எழுதியிருக்கார். மேல ரிஜெக்ட் பண்ணிட்டாங்க."

"பாஸ்புக்கு குட்த்தேனே மேடம். பென்சன் வர்றது அதுல கீதே."

"இருக்கு. ஆனா உங்க வீட்டுல இருக்கறவங்களே இல்லேன்னு சொல்லும்போது நான் என்ன பண்ண முடியும்? அதுவும் இது ஊனப் பென்ஷன். மேல இருக்கறவங்க அதை ஒரு உதவி மாதிரிதான் பாக்கறாங்க. நீங்க இருக்கற வரைக்கும்தானே அது."

"சம்பளக்காரங்க செத்தா மட்டும் சம்பளம் வருமா மேடம்?"

ருக்மிணிக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். பிறகு குரலைத் தாழ்த்தி, நல்லது சொல்கிறவளின் முகத்தோடு சொன்னாள்: "ஒரு வழி இருக்கு. உங்க தம்பியை முதல் விண்ணப்பதாரரா போடுங்க. நீங்க கூட்டு விண்ணப்பதாரர். வீடு அவர் பேர்ல பதிவாகும். அப்போ உங்க பென்ஷனையும் அவர் சம்பளத்தோட சேர்த்து வருமானமா எடுத்துக்கலாம். உடனே சாங்ஷன் ஆயிடும்."

ரெஜினா கேட்டாள்:

"அப்ப என் பென்சன் வருமானந்தானா?"

"அவரோட சேர்ந்தா வருமானம்தான்."

"நான் தனியா வந்தா?"

ருக்மிணி கோப்பை மூடினாள். "நான் வெச்ச சட்டமா இது? யோசிச்சுட்டு வாங்கம்மா."

ரெஜினா யோசித்தாள். பேருந்தில், இறங்க வேண்டிய பூஞ்சேரி வரும்வரை, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி யோசித்தாள். யாரிடமாவது இதைச் சொல்ல வேண்டும் போலிருந்தது. போனில் பெயர்களைத் தள்ளிப் பார்த்தாள். கம்பெனியில் கூட வேலை பார்த்தவர்கள் இரண்டு பேர், பென்ஷன் ஆபீஸ், சபைப் போதகர், கேஸ் ஏஜென்சி. கையை இழந்த மறுவருஷமே முதல் இரண்டு பேரும் பேசுவதை நிறுத்திவிட்டார்கள். போனைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

தம்பி பேரில் இருந்தால் என்ன? கதவு கதவுதானே? தாழ் தாழ்தானே? இப்படித் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு வீட்டில் விஷயத்தைச் சொன்னாள்.

பத்து நாளாக மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த வீடு அன்றைக்கே மாறிவிட்டது. ஜெனிஃபர் மீன் வாங்கி வரச் சொன்னாள். ஆபிரகாம் வீட்டைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "சூப்பர் எடம்க்கா! உனுக்கு இத்தினி தெறமன்னு தெரியாமப் போச்சே" என்று வாயாரப் புகழ்ந்தான். ரெஜினாவின் தட்டில் நடுத்துண்டு மீன் விழுந்தது. அவளுக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்ததற்காக வெட்கமாகவும் இருந்தது.

சாப்பாட்டுக்கு நடுவே ஜெனிஃபர் சொன்னாள்: "கோயில் பக்கத்துல வாடகை நல்லா வரும். ஐ.டி.ல வேல செய்ற பசங்க கேட்டுக்கினே கீறாங்களாம்."

ரெஜினாவின் கை தட்டிலேயே நின்றது. "வாடகையா? நான் இல்ல அங்க இருக்கப் போறேன்?"

"தனியாவா? நீ எப்பிடிக்கா தனியா இருப்ப?" ஆபிரகாம் அன்பாகத்தான் கேட்டான். "ஒத்தக் கையி. ராத்திரி ஒண்ணுன்னா யாரு கீறாங்க? நீ இங்கயே இரு. தவண பென்சன்ல போவட்டும், வாடகைல வூட்டுச் செலவ பாத்துக்கலாம். பின்னாடி பாப்பா கல்யாணத்துக்கு ஆவும். எங்கள வுட்டா உனுக்கு வேற யாரு?"

அதாவது தபால் ஆபீசில் இருக்கிற அவள் பணத்தில் வீடு வாங்க வேண்டும். அவள் பென்ஷனில் கடனை அடைக்க வேண்டும். பேர் தெரியாத நான்கு பையன்கள் அந்தக் கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உள்ளே தூங்க வேண்டும். அவள் கிரில்லில் படுத்திருக்க வேண்டும். இதை அவர்கள் சதி செய்து பேசவில்லை. மீன் முள் எடுத்துக்கொண்டே, பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டே, ஊரில் எல்லா வீட்டிலும் பேசுவது போலத்தான் பேசினார்கள். கல்யாணம் ஆகாத அக்காவின் பணம் தம்பி வீட்டுக்குத்தானே என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. அதுதான் ரெஜினாவைப் பயமுறுத்தியது.

கையெழுத்துப் போடும் நாள் ஆபிரகாம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தான். ருக்மிணி காகிதங்களை அடுக்கி, கையெழுத்துக்கான இடங்களில் பென்சிலால் சின்னச் சின்னப் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தாள். ஆபிரகாம் மளமளவென்று போட்டு முடித்தான். பேனா ரெஜினாவிடம் வந்தது. அவள் பேனாவை மேஜையில் வைத்தாள்.

"மேடம், என் பாஸ்புக்கு வரவு செலவ கொஞ்சம் பாருங்களேன்."

ருக்மிணி கணினியில் பார்த்தாள். "ஒவ்வொரு மாசமும் பென்ஷன் வந்து மூணு நாளுக்குள்ள எல்லாத்தையும் ஏ.டி.எம்.ல எடுத்திருக்கீங்க. ஏழு வருஷமா. எல்லாம் மாமல்லபுரம் ஏ.டி.எம்."

"அந்த கார்டு எங்க கீதுன்னு எங்க தம்பிய கேளுங்க."

ஆபிரகாமின் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. போன பிறகுதான் அவனுக்கே தெரிந்தது. கையை எடுத்துத் தொடையில் வைத்துக்கொண்டான்.

ருக்மிணி அவனையே பார்த்தாள். "சார், அவங்க பணத்துலதான் வீடு நடக்குதா? அப்படின்னா அதை ஒரு வரி எழுதிக் குடுங்க சார். அன்னிக்குத் தவறுதலா சொல்லிட்டோம், அக்காவுக்கு நிரந்தர வருமானம் இருக்கு, அதுலதான் குடும்பம் நடக்குதுன்னு. திரும்ப வெரிஃபிகேஷன் போட்டு அவங்க பேர்லயே நான் முயற்சி பண்றேன்."

ஒரு வரி. ரெஜினா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். பார்த்த பார்வையில் கோபம் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. அதை ஒளிக்க அவளுக்குத் தெரியவில்லை.

ஆபிரகாம் மேஜையைப் பார்த்தான். அவனுடைய அப்பா மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் யார் யார் நிலத்திலோ நடவு நட்டு, வரப்பில் குந்தி, இலையில் போட்டதைத் தின்றவர். மகன் அப்படி இல்லை என்று காட்ட ஆபிரகாமிடம் இருந்தது இந்த ஒரு பெருமைதான். சபையில் வருஷக் கடைசி ஆராதனையில் எழுந்து நின்று சாட்சி சொல்வது அவர்கள் வழக்கம். ஏழு வருஷமாக அவன் ஒரே சாட்சியைத்தான் சொல்லி வருகிறான்: கை இழந்த அக்காவை வைத்துக் காப்பாற்றுகிற பெலனைக் கர்த்தர் தனக்குத் தந்தார் என்று. சபை முழுக்க ஸ்தோத்திரம் சொல்லும். பெண்கள் பக்கத்தில் ரெஜினா தலையைக் குனிந்துகொண்டு அவளும் ஸ்தோத்திரம் சொல்லுவாள். அந்தச் சாட்சியை இப்போது ஒரே வரியில் அடித்து எழுதச் சொன்னால் அவன் என்ன செய்வான்?

"வெளிய போய் பேசிக்கலாம்க்கா" என்றான்.

"இங்கயே சொல்லுடா. ஆமான்னாவது சொல்லு, இல்லன்னாவது சொல்லு."

அவன் இரண்டையும் சொல்லவில்லை. பின்னால் வரிசையில் நின்ற யாரோ இருமினார்கள். ரெஜினா காத்திருந்தாள். மின்விசிறிக் காற்றில் கையெழுத்துப் போட வேண்டிய காகிதம் படபடத்தது. அவன் சொல்லப்போவதில்லை என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. இத்தனை வருஷம் தன்னோடு ஒருவன் இருக்கிறான் என்று நினைத்திருந்தாளே, அந்த நினைப்பு அந்த நாற்காலியில் முடிந்தது. கை போன நாளில்கூட அவளுக்கு இவ்வளவு தனியாக இருந்ததில்லை.

"எனுக்குப் புது பாரம் ஒண்ணு குடுங்க மேடம். என் பேர்ல மட்டும். அப்பறம் அந்த கார்ட நிறுத்திட்டு வேற கார்டு குடுங்க."

"இந்த வீடு கைவிட்டுப் போயிடும்மா. அந்தப் பார்ட்டி ரொம்ப நாள் காத்திருக்க மாட்டார்."

"போவட்டும் மேடம்."

சாத்திப் பார்த்த கதவு கண்ணில் வந்து போனது. ஆனாலும் சொன்னதை மாற்றவில்லை.

ருக்மிணி புதுப் படிவம் ஒன்றை எடுத்து நீட்டி, காகிதத்தின் மூலையைப் பிடித்துக்கொண்டாள். ரெஜினா இடக்கையால் எழுதத் தொடங்கினாள். ஆறு மாதம் சிலேட்டில் பழகிப் பிடித்த எழுத்து, பெரிது பெரிதாகக் கட்டத்துக்கு வெளியே வழிந்தது. பெயர், வயது, வருமானம் எல்லாம் எழுதினாள். 'விண்ணப்பதாரரைச் சார்ந்திருப்பவர்கள்' என்ற இடம் வந்ததும் போன முறை போட்டது போலக் கோடு இழுக்கவில்லை. ஜெனிஃபர் என்று எழுதினாள். பிள்ளைகள் இருவரின் பெயரையும் எழுதினாள். அதற்குக் கீழே ஆபிரகாம் என்று எழுதினாள்.

"இத்தனை பேரைப் போட்டா உங்களுக்குக் கிடைக்கற தொகை இன்னும் குறையும்மா" என்றாள் ருக்மிணி மெதுவாக. "கிடைக்காமலேகூடப் போகலாம்."

"தெரியும் மேடம். போன தபா இல்லன்னது இவன் சொன்ன பொய்க்கு. இந்த தபா இல்லன்னா, நான் சொன்ன நெசத்துக்கு இல்லன்னு சொல்லட்டும்."

"அக்கா." ஆபிரகாம் குனிந்து அவள் காதருகே கிசுகிசுத்தான். "என் பேர அதுல போடாதக்கா. யாராச்சும் பாத்தா இன்னா நெனைப்பாங்க?"

ரெஜினா பேனாவைக் காகிதத்திலிருந்து எடுக்கவில்லை. பெயருக்குப் பக்கத்தில் வயதுக்கான கட்டம் காலியாக இருந்தது.

"உனுக்கு வயசு எத்தினிடா? முப்பத்தஞ்சா, முப்பத்தாறா?"

அவன் அவளைப் பார்த்தான், ருக்மிணியைப் பார்த்தான், தரையைப் பார்த்தான்.

"முப்பத்தாறு" என்றான்.

அவள் எழுதிக்கொண்டாள்.